பக்கத்து அறையில் யாரும் இல்லை என்று சொன்ன கெர்னல்

நேற்று என்னை டீ குடிக்கக் கூப்பிட்டுவிட்டு, என் முன்னாலேயே நீங்கள் மூன்று பேரும் சண்டை போட்டீர்கள். ஒரே மெஷினில் ஆளுக்கொரு தனி அறையாகக் கண்டெய்னர் ஓட வேண்டும், அதற்கு மெஷினையே ஆட்டிவைக்கிற கெர்னலில் எதை வைப்பது எதை எடுப்பது என்று சண்டை. கடைசியில் ஒருவர் சொன்னார்: "யாரு உக்காந்து ஒவ்வொண்ணா படிக்கது? எல்லாத்துக்கும் வேணும்னு 'ஒய்' போட்டுருவோம்." யார் என்று சொல்லமாட்டேன், சொன்னவருக்குத் தெரியும். எனக்கு வந்ததே கோபம்! பாதி டீயை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஓய்வு பெற்றவள் என்பதால் நீங்களும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கோபம் இறங்கிச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் இதே கேள்விகளுக்கு நான் படிக்காமலே வேண்டாம், வேண்டாம் என்று 'என்', 'என்' அடித்துக்கொண்டு போயிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த மதியம் இன்றைக்கும் மறக்கவில்லை. அதை உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

தொண்ணூறுகளின் கடைசி. கண்டெய்னர் என்றால் தூத்துக்குடிக்குப் போகிற பெரிய லாரி என்றுதான் அப்போது எங்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அச்சகம். கீழே மெஷின் ஓடும், மாடியில் நாங்கள். கல்யாணப் பத்திரிகைக்குப் பேர்போன அச்சகம் அது. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகைத் தொழிலில் ஒரு விஷயத்தில் கறாரானவர். பத்திரிகை ஊருக்கு வைக்கப்படும் வரைக்கும் அது யார் வீட்டுப் பத்திரிகை என்று வெளியே கசியக்கூடாது. வேண்டாதவர்கள் கலைத்துவிடுவார்கள் என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் தெருவில் போகிறவர்கள் சும்மா எட்டிப் பார்த்து, "இன்னார் வீட்டுப் பத்திரிகை இங்கதான் அடிக்கீங்களாமே?" என்று தூண்டில் போடுவார்கள். ஒருதடவை புதிதாக வந்த ஆள் ஒருவர், "அதெல்லாம் சொல்லக்கூடாது சார்" என்று பெருமையாகப் பதில் சொல்லிவிட்டார். அண்ணாச்சி அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "சொல்லக்கூடாதுன்னு சொன்னா இருக்குன்னுதானல அர்த்தம்? அப்படி ஒண்ணும் வரலையேன்னு சொல்லிட்டு உன் வேலையப் பாருல." மாடியில் இருந்த எங்களுக்கும் கேட்டது. நாங்கள் சிரித்தோம்.

பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் வழியாகத் திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறவர்களும் அவருக்குப் பழக்கம். ஜாதகம் கணிக்க, பொருத்தம் பார்க்க ஒரு கம்ப்யூட்டரை மாடியில் வைத்து, போன் லைன் மூலமாக அவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. மெஷினைப் பார்த்துக்கொள்ள நான் வந்தேன். பொருத்தம் பார்க்கிற புரோகிராம்களை எழுதியது கோமதி. என்னைவிடச் சின்னவள், வேலையில் புலி. கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே கணவரை விபத்தில் பறிகொடுத்தவள். பேட்டையில் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு தினம் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தாள். பேச்சு குறைவு. ஆனால் என் புரோகிராமில் தப்பு கண்டுபிடித்தால் மட்டும் முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

எங்களுக்கு வாடிக்கையாளர்கள் இரண்டு பேர். பக்கத்துத் தெருவில் தகவல் நிலையம் வைத்திருந்த ஒரு டீச்சரம்மா, பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ஆற்றுப்பாலம் தாண்டி டவுனில் நிலையம் நடத்திய சங்கரலிங்கம். இரண்டு பேருக்கும் ஆகாது. ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவர் ஜன்னல் பக்கம் பார்ப்பார். இரண்டு பேருக்கும் ஒரே மெஷின்! அண்ணாச்சி துணிந்து வாக்குக் கொடுத்துவிட்டார்: உங்கள் வீட்டு ஜாதகம் அவர் கண்ணில் படாது, அவர் வீட்டு ஜாதகம் உங்கள் கண்ணில் படாது.

அந்த வாக்கைக் காப்பாற்றுவது என் தலையில் விழுந்தது. இன்றைக்கு நீங்கள் நேம்ஸ்பேஸ் என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடுகிறீர்கள். அன்றைக்கு லினக்ஸில் அப்படி ஒன்றும் கிடையாது. இருந்ததெல்லாம் 'சேஞ்ச் ரூட்' ஒன்றுதான். ஒருவர் உள்ளே வந்ததும், இதுதான் மொத்த டிஸ்க், இதற்கு வெளியே உலகமே இல்லை என்று நம்ப வைத்து ஒரு அறைக்குள் விட்டுவிடுவது. டீச்சரம்மாவுக்கு ஓர் அறை, சங்கரலிங்கத்துக்கு ஓர் அறை. ஆளுக்கொரு மோடம், ஆளுக்கொரு சிவப்பு விளக்கு. எந்த விளக்கு எரிகிறதோ அவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். சும்மா சொல்லக்கூடாது, சில மாதம் ஜோராக ஓடியது.

சங்கரலிங்கம் ஒரு புது மெனு கேட்டார். தான் தேடச் சொன்ன ஜாதகம் தேடி முடிந்ததா, இன்னும் ஓடுகிறதா என்று திரையின் அடியில் தெரிய வேண்டும். மதுரையில் யாரோ எழுதிக் கொடுத்த மெனுவை அவரே பிளாப்பியில் கொண்டுவந்தார். திருத்துவதற்கு மூல நிரல் கிடையாது, ஓடுகிற புரோகிராம் மட்டும். அது ஓட வேண்டுமானால் 'புரோக்' வேண்டும். புரோக் உங்களுக்குத் தெரியும். இப்போது என்னென்ன ஓடுகிறது என்று கெர்னல் எழுதிவைக்கிற போர்டு. அதை அவர் அறைக்குள்ளும் மாட்டிவிட்டேன். அவருடைய வேலை அவருக்குத் தெரியட்டுமே என்று நினைத்தேன்.

அன்று காலை கோமதி அந்த மெனுவைச் சோதித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னைக் கூப்பிட்டாள்.

"யக்கா, இங்கன வாங்க. பைய வாங்க."

பைய வா என்று அவள் சொன்ன விதத்திலேயே எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. போய்ப் பார்த்தேன். சங்கரலிங்கத்தின் அறையில், அவருடைய மெனுவின் அடியில், அவருக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் டீச்சரம்மாவின் அறையில் ஓடுபவை. கோமதியின் புரோகிராம்கள் பத்துப் பொருத்தத்துக்குப் பத்து. தினப் பொருத்தம், கணப் பொருத்தம், ரஜ்ஜு என்று தனித்தனி. ஒவ்வொன்றும் பெண் பெயர், பிள்ளை பெயர், இரண்டு நட்சத்திரம் ஆகியவற்றைக் கட்டளை வரியிலேயே வாங்கிக்கொள்ளும். அத்தனையும் போர்டில் பளிச்சென்று தெரிந்தது. அவள் புரோகிராமும் தப்பில்லை, என் அறையும் தப்பில்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஊருக்கே தண்டோரா.

"ரஜ்ஜு, கோமதி, உத்திரம்..." என்று நான் சத்தமாகவே படித்துவிட்டேன். "யாரு ஏட்டி இது, உன் பேரும் உன் நட்சத்திரமுமா இருக்கு?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது நாந்தான்க்கா."

ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். மறுகல்யாணப் பேச்சு நடக்கிறது என்று அவள் மூச்சுக்கூட விட்டதில்லை, போர்டு சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது! பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைக்கு அம்பாசமுத்திரம், எங்கள் வாயில் அம்பை; பாபநாசம் அணையில் வேலை. நல்ல மனிதர் என்று டீச்சரம்மா பார்த்துச் சொன்ன இடம். காலையில் டீச்சரம்மா ஒத்திகை பார்த்திருக்கிறார், அதுதான் போர்டில் ஓடியது. மதியம் பிள்ளையின் அக்கா அம்பையில் இருந்து வருகிறார். கண் முன்னால் கணித்துத் தாளில் எடுத்துக் கொடுத்தால்தான் நம்புவேன் என்று சொல்லியிருக்கிறார்.

சங்கரலிங்கம் யார்? கோமதியின் கணவருக்குச் சித்தப்பா. இவளுக்கு மாமா முறை. எங்கள் வீட்டு மருமகள் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர். என் மருமகள் இருக்கிற இடம் என்றுதான் எங்களிடம் லைனே வாங்கியிருந்தார்.

"மாமா கண்ணுல பட்டா நேரா அம்பைக்குப் போயி ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துருவாவ. போன தடவையும் அப்படித்தான் கலைஞ்சுது. நிச்சயம் ஆயிட்டா நானே போயிச் சொல்லுவேன்க்கா. அதுவரைக்கும்தான்."

மாமா மதியச் சாப்பாடு முடித்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் லைனுக்கு வருவார். பிள்ளையின் அக்கா உட்காரப்போவதும் அதே நேரம்.

இப்போதே உங்களில் இரண்டு பேர் கையைத் தூக்குவீர்கள் என்று தெரியும். லைனைப் பிடுங்கிவிடலாமே? லைன் கிடைக்காவிட்டால் மாமா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே மாடிக்கு வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார், அது அவர் வழக்கம். புரோக்கைக் கழற்றிவிடலாமே? கழற்றிப் பார்த்தோம், மெனு திறக்கவே மாட்டேன் என்றது. கோமதியின் பத்து புரோகிராமையும் திருத்தலாமே? அவசரத்தில் கைவைத்து, பொருந்தாத ரஜ்ஜுவைப் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டால்? அதை அவளே வேண்டாம் என்றாள். டீச்சரம்மாவிடம் நாளைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லலாமே? முதல் தடவை பொருத்தம் பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பினால் சகுனம் சரியில்லை என்று ஊருக்குப் போய்விடுவார்.

ஆக மிச்சம் இருந்தது கெர்னல்தான். போர்டை எழுதுகிறவனையே திருத்துவது! யார் கேட்டாலும், கேட்கிறவரின் அறையில் ஓடுவதை மட்டும் காட்டு. அடுத்த அறைக்காரன் வேலையைக் கேட்டால் காட்டாதே. கெர்னலின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வேலைக்கும் அதன் ரூட், அதாவது அறை, எது என்று கெர்னலே குறித்து வைத்திருக்கிறது. கேட்கிறவரின் ரூட்டும் அதுவும் ஒன்றா என்று ஒப்பிட்டால் போதும். இரண்டே வரி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதை வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. தெரிந்துகொள்ள இன்டர்நெட்டில் தேடவும் நேரமில்லை.

இரண்டு வரி எழுதுவது ஒரு நிமிஷம். மொத்தக் கெர்னலையும் மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றி எடுப்பதுதான், கம்பைல் செய்வதுதான், பெரும்பாடு. எங்களிடம் இல்லாத கருவிகளுக்கான டிரைவர்களை எல்லாம் வெட்டினால் சீக்கிரம் முடியும். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று கான்பிகரேஷன் கேள்விகள் வர ஆரம்பித்தன. கோமதி படித்தாள், நான் பதில் அடித்தேன். சவுண்டு கார்டா? என். ஜாய்ஸ்டிக்கா? என். ஹாம் ரேடியோவா? என், என், என். வேகம் பிடித்துவிட்டது எனக்கு. அவள் படித்து முடிக்குமுன் அடித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டம் ஃபைவ் ஐ.பி.சி. என்று ஒரு கேள்வி வந்தது. பெயரைப் பார்த்தால் பழைய காலத்துச் சமாசாரம் மாதிரி இருந்தது. விரல் 'என்' மேல் போய்விட்டது.

கோமதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, அதை வெட்டினா பத்துப் பொருத்தமும் செத்துப் போயிரும்." அவளுடைய பத்து புரோகிராம்களும் ஒன்றுக்கொன்று மதிப்பெண் கொடுத்து வாங்கிக்கொள்ள மெஷினின் நினைவகத்தில் ஒரே துண்டைப் பகிர்ந்துகொள்கின்றன. அதைத் தருவது அந்த ஒற்றை வரிதான். நான் 'என்' போட்டிருந்தால் மெஷின் அழகாகக் கிளம்பியிருக்கும். அம்பையில் இருந்து வந்தவர் முன்னால்தான் பல்லை இளித்திருக்கும். 'ஒய்' போட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு கேள்வியையும் அவள் முழுதாகப் படித்து முடித்தபிறகுதான் விரலை வைத்தேன்.

கம்பைல் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது பாருங்கள்! யு.பி.எஸ். கீச் கீச் என்று கத்துகிறது. நான் அதன் தலையில் கைவைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறு தாயே என்று கெஞ்சினேன். கீழே அச்சு மெஷின் நின்றுவிட்டதால் கட்டடமே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் கம்பைலர் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்தபோது கோமதி கைதட்டியே விட்டாள்.

முடிந்தது. பழைய கெர்னலை இரண்டாவதாக வைத்து, புதியதை முதலில் வைத்து, எதைக் கிளப்புவது என்று மெஷினுக்குச் சொல்லும் லைலோவை ஓட்டி, மெஷினை மறுபடி கிளப்பினேன். கிளம்பியது! டீச்சரம்மா அறையில் ஒரு பொருத்தத்தைச் சோதனைக்கு ஓடவிட்டு, மாமாவின் மெனுவைத் திறந்தோம். கோமதியின் பெயர் இல்லை. எந்தப் பெயரும் இல்லை. நான் நாற்காலியில் இருந்து குதித்தேன் என்றே சொல்லலாம்.

கோமதி குதிக்கவில்லை. திரையின் அடியைக் காட்டினாள். பெயர் இருந்த இடத்தில் எல்லாம் 'அனுமதி இல்லை', 'அனுமதி இல்லை' என்று நாலைந்து வரி. மதுரைக்காரரின் மெனு பட்டியலைப் படிப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, இந்த எண்ணில் வேலை ஓடுகிறதா என்று கேட்கிறது. வேறு அறை வேலை வந்தால் அனுமதி இல்லை என்று சொல்லும்படி நான்தான் எழுதியிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து எழுதியது.

"சொல்லக்கூடாதுன்னு சொல்லுது பாத்தீங்களாக்கா" என்றாள் கோமதி. "அண்ணாச்சி கேட்டா இதைப் பிடிபிடின்னு பிடிச்சுருவாரு."

சுரீரென்றது. அதுதானே! அங்கே ஆள் இருக்கிறது, நான் காட்டமாட்டேன் என்று என் கெர்னல் மாமாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. யார் அது, எனக்குத் தெரியாமல் என்ன ஓடுகிறது என்று மாமா ஸ்கூட்டர் சாவியை எடுக்க வேறு காரணமே வேண்டாம். மறுபடி மூலத்தைத் திறந்தேன். அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பும் வார்த்தையை எடுத்துவிட்டு, 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிற வார்த்தையைப் போட்டேன். கீழே அச்சகத்தில் சொல்கிற அதே பதில். ஒரே கோப்புதான் மாறியது என்பதால் இந்தத் தடவை கம்பைல் சீக்கிரம் முடிந்தது. மறுபடி லைலோவை ஓட்டி, மறுபடி மெஷினைக் கிளப்பினேன். மாமாவின் மெனு திறந்தது. அடியில் வெறும் வெள்ளை. அவர் அறையில் இருந்து பார்த்தால் அவரைத் தவிர உலகத்தில் யாருமே இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பிற்காலத்தில் எத்தனையோ மெஷின்களை நான் கட்டியிருக்கிறேன். எந்த அறைக்குச் சுவர் எழுப்பினாலும் முதலில் என்னையே கேட்டுக்கொள்வது இதைத்தான்: அந்தப் பக்கம் இருப்பதை மறைக்கிறேனா, அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறைக்கிறேனா? உங்கள் கான்பிகரேஷனில் பெயர் தெரியாத பத்து வரி இருந்தால் அந்தப் பத்தும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு விதத்தில் பதில் சொல்கின்றன. படிக்காமல் ஒய் போட்டால் எதைக் காட்டினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. சரி, கதைக்கு வருகிறேன், இன்னும் பெரிய கண்டம் பாக்கி இருக்கிறது.

டீச்சரம்மாவின் விளக்கு எரிந்தது. பிள்ளையின் அக்கா வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். பொருத்தங்கள் ஓட ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் மாமாவின் விளக்கும் எரிந்தது. இரண்டு சிவப்பு விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் மினுக்குகின்றன. நானும் கோமதியும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் ஓடுகின்றன. எனக்கு உயிர் வந்தது, காபி வாங்கிவரச் சொல்லலாம் என்று எழுந்தேன்.

போன் அடித்தது. மாமா.

"ஏம்மா, என்ன மெஷின் இந்த நொண்டு நொண்டுது? அடியில பாத்தா யாருமே இல்ல. யாருமே இல்லாம எதுக்கு நொண்டுது? என்னமோ கோளாறு இருக்கு. நான் வாரேன் அங்கன."

பெயரை மறைத்தோம், ஆள் இருப்பதையே மறைத்தோம், வேகத்தை மறந்துவிட்டோமே! ஜாதகக் கட்டம், தசா புத்தி எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் பக்கம் பக்கமாகப் படமாக்கி பிரிண்டருக்கு அனுப்புகிற வேலை டீச்சரம்மா பக்கம் ஓடுகிறது. மெஷினின் மூச்சை முக்கால்வாசி அதுவே குடிக்கும். மாமாவுக்கு மிச்சம்தான். இன்றைக்கு நீங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று சி-குரூப்பில் அளந்து கொடுக்கிறீர்கள். எங்களிடம் இருந்தது 'நைஸ்' ஒன்றுதான்: இந்த வேலை ஓரமாக நிற்கட்டும், மற்றவர்கள் போனபிறகு போகட்டும் என்று சொல்வது.

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டே டீச்சரம்மாவின் வேலைகளை எல்லாம் கடைசி வரிசைக்குத் தள்ளினேன். "சார், புதுக் கெர்னல் போட்டிருக்கோம், மொதல்ல கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். இப்பப் பாருங்க" என்றேன். பிறகு, "ஆமா, இப்ப ஜோரா ஓடுது" என்றார். போனை வைத்தார். என் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது.

வைத்த கையோடு மறுபடி போன். டீச்சரம்மா. பாதிப் பக்கத்தில் பிரிண்டர் நின்றுவிட்டதாம். வந்தவருக்கு அம்பை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். நான் கோமதியைப் பார்த்தேன். கொஞ்சம் வேகத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், மாமா கவனிக்காமல் விடலாம், கவனித்தாலும் கவனிக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்று அந்த நேரத்தில் என்னால் முடிவெடுக்க முடியவில்லை. அது என் மெஷின் விவகாரம் இல்லை, அவள் வாழ்க்கை.

"மாமாவுக்கே குடுங்கக்கா" என்றாள். "அக்காகிட்ட நான் போயிப் பேசிக்கிடுதேன்."

குழாயடியில் முகத்தைக் கழுவினாள், முந்தானையால் துடைத்தாள், மாடிப்படியில் இறங்கிவிட்டாள். பொருத்தம் பார்க்கும்போதே பெண் தானாகப் போய்ப் பிள்ளை வீட்டார் முன்னால் நிற்பது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் பக்கத்துத் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தாள். என் முன்னால் இரண்டு சிவப்பு விளக்கு. அதை விட்டு எழுந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

அங்கே நடந்ததை டீச்சரம்மாதான் பிறகு சொன்னார். போனவள் எதையும் மழுப்பவில்லையாம். தாள் வராததற்குக் காரணம் நான்தான், அந்தப் பக்கம் என் மாமா உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரிந்தால் உங்கள் வீட்டுக்கு வருவார், வந்து இன்னது சொல்வார், அதை நானே இப்போது உங்களிடம் சொல்லிவிடுகிறேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் அக்கா கைப்பையை மடியில் இருந்து எடுத்துக் கீழே வைத்தாராம். "தாளு பைய வரட்டும். அடுத்த பஸ் இருக்குல்லா. நீ இப்படி உக்காரு" என்றாராம். தாள் வந்து முடிந்தபோது இரண்டு பேரும் பாபநாசத்தில் தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். டீச்சரம்மாவே தாளை மடித்து அவர் பைக்குள் வைத்து அனுப்பினாராம்.

நிச்சயம் நடந்த மறுநாள் கோமதி சொன்னபடியே செய்தாள். பேட்டையில் இருந்து நேரே டவுனுக்குப் போய் மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள். அவள் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். மாமா.

நாங்கள் எழுந்து நின்றோம். அவர் கோமதியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"எந்த மெஷின்ல பொருத்தம் பாத்தீங்க?"

"இதே மெஷின்லதான் சார்."

"நான் லைன்ல இருக்கும்போதா?"

"ஆமா."

மெஷினை முறைத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். போச்சு, லைன் போச்சு, அண்ணாச்சியின் தொழிலும் போச்சு என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். மறுநாள் மதியம் கோமதியும் நானும் அந்த இரண்டாவது மோடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சாப்பிட்டு, தூங்கி எழுந்திருக்கும் நேரம் ஆனது. விளக்கு எரிந்தது. கோமதி அழுதுவிட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. பத்திரிகை நம் அச்சகத்தில்தான் அடித்தோம், அதுவும் அண்ணாச்சி செலவில். கோமதி அம்பைக்குப் போனபிறகும் அவள் புரோகிராம்கள் பத்தும் அந்த மெஷினில் சக்கைப்போடு போட்டன. கொஞ்ச நாள் கழித்து டவுனில் இருந்து ஒரு தகப்பனார் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். வரன் பார்த்தது சங்கரலிங்கம் வழியாகத்தானாம். கம்ப்யூட்டரில் போட்டால் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று இவர் முதலில் தயங்கினாராம். அதற்கு மாமா சொன்ன பதிலை அண்ணாச்சி மாடிக்கு ஏறி வந்து எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்:

"வே, அந்த மெஷின்ல என் சொந்த மருமவ கல்யாணமே எனக்குத் தெரியாம முடிவாயிட்டு. ஒம்ம மவ ஜாதகம் யாருக்குவே தெரியப்போவுது?"